காரின் ஜிபிஎஸ் கருவி மோட்டார் சைக்கிளில் தகராறு செய்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

காரின் முன்கண்ணாடியில் ஒட்டிவைப்பதற்கென்று செய்யப்பட்ட ஜிபிஎஸ் கருவியை மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பாரில் பொருத்திக்கொள்பவர்கள் பலர். வீட்டில் ஏற்கெனவே ஒன்று சும்மா கிடக்கும். மோட்டார் சைக்கிளுக்கென்றே வரும் கருவியோ அதைவிட விலை கூடுதல். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கைப்பேசியையே மாட்டிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சக்திவாய்ந்த என்ஜின்களின் அதிர்வு ஐஃபோனின் கேமராவைப் பாதிக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் எச்சரித்திருக்கிறது. ஜிபிஎஸ் கருவியில் பழுதாவதற்குக் கேமரா இல்லை.

என்னுடைய கருவியையும் நண்பர்களுடையவற்றையும் பல ஆண்டுகளாகக் கழற்றி மாட்டியதில், பழுது கருவிக்குள் இருந்த சந்தர்ப்பங்கள் மிகக் குறைவு. பேட்டரிக்கும் கருவிக்கும் இடையில் ஓடும் ஒன்றரை மீட்டர் வயரிலோ, அந்த வயரின் இரு முனைகளிலோதான் பெரும்பாலும் அது ஒளிந்திருக்கும். ஆகவே கீழே ஒவ்வோர் அறிகுறியிலும் கை வைத்துப் பார்த்துவிடக்கூடியதை முதலிலும், பணம் கேட்பதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

தேவைப்படுபவை: ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், நன்றாக வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு யூஎஸ்பி கேபிள், ஒரு பவர் பேங்க்.

எந்த அறிகுறியானாலும் முதல் சோதனை

கருவியை வண்டியிலிருந்து கழற்றி, பவர் பேங்கில் செருகி, வீட்டு ஜன்னலோரம் அரை மணி நேரம் ஓடவிடுங்கள். அங்கேயும் அதே கோளாறு தெரிந்தால் பழுது கருவியில்; தெரியவில்லையென்றால் வண்டியில். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் நேராகக் கருவியைப் பிரிக்க உட்கார்ந்து நான் வீணாக்கிய ஞாயிற்றுக்கிழமைகள் பல.

அறிகுறி: கருவிக்கு மின்சாரமே வருவதில்லை

சாவியைத் திருப்பியும் சார்ஜ் ஏறும் அடையாளம் திரையில் தெரியவில்லை; உள் பேட்டரி தீரும் வரை ஓடிவிட்டுக் கருவி அணைந்துவிடுகிறது.

சிகரெட் லைட்டர் பிளக்கைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் முதலில் அதன் மூக்கைப் பாருங்கள். காரின் ஜிபிஎஸ் சார்ஜர்கள் பலவற்றில் பிளக்கின் முனையில் ஒரு திருகு மூடி இருக்கும். அதற்குள் ஒரு சிறு கண்ணாடி ஃபியூஸும், மையத்தில் ஸ்பிரிங் வைத்த ஓர் உலோக முனையும் உட்கார்ந்திருக்கும். காரில் பத்து ஆண்டுகள் அசையாமல் இருக்கும் அந்த மூடி, மோட்டார் சைக்கிளின் அதிர்வில் தானாகவே மரை கழன்றுவிடும். எனக்கு முதல் முறை இது நடந்தபோது, சாக்கெட்டிலிருந்து பிளக்கை இழுத்ததும் மூக்கில்லாத பிளக் மட்டும் கையோடு வந்தது. ஃபியூஸும் ஸ்பிரிங்கும் சாக்கெட்டின் அடியில் கிடந்தன. உலோக முனை சாக்கெட்டுக்குள் குறுக்காகக் கிடந்தால் ஷார்ட் ஆகி வண்டியின் ஃபியூஸும் போய்விடும் என்பதால், சாவியை அணைத்துவிட்டு, பிளாஸ்டிக் குச்சியால் அதை வெளியே எடுங்கள். மூடியை மீண்டும் இறுக்கி, மேலே ஒரு சுற்று இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டால் போதும். ஃபியூஸின் உள்ளே இருக்கும் கம்பி அறுந்திருந்தால், அதன் மீது எழுதியிருக்கும் ஆம்பியர் அளவிலேயே வேறொன்றைப் போடுங்கள்.

மூக்கு சரியாக இருந்தால், மல்டிமீட்டரை நேர்மின் வோல்ட் நிலையில் வைத்துச் சாக்கெட்டை அளவெடுங்கள். மையத்துக்கும் பக்கச் சுவருக்கும் இடையில் பேட்டரியின் வோல்ட் அளவே வர வேண்டும். என்ஜின் ஓடாதபோது நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும்.

ஒன்றுமே வரவில்லையென்றால்: பேட்டரிக்கு அருகில் வயரில் இருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் எர்த் வயர் போல்ட்டில் சேரும் இடத்தைப் பாருங்கள். அங்கே பெயின்ட்டின் மேலேயே வளையத்தை முறுக்கி வைத்திருப்பார்கள், அல்லது செம்பு பச்சை பூத்திருக்கும். உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து, மீண்டும் இறுக்குங்கள்.

12 வோல்ட் சரியாக வருகிறது, ஆனாலும் சார்ஜ் ஏறவில்லையென்றால்: நீங்கள் சுமை இல்லாமல் அளந்திருக்கிறீர்கள். அரித்துப்போன ஓர் இணைப்பு, எதுவும் மாட்டாதபோது முழு வோல்ட்டையும் காட்டும். கருவியை மாட்டியவுடன் விழுந்துவிடும். ஆகவே கருவி செருகியிருக்கும்போதே, வயரின் இரு முனைகளிலும் மாறி மாறி அளந்து, எந்த இடத்தில் வோல்ட் விழுகிறது என்று பாருங்கள். வண்டியின் 12 வோல்ட்டை ஐந்தாகக் குறைத்துத் தரும் மாற்றிக்கு அப்பால், கருவிக்குப் போகும் ஐந்து வோல்ட் பக்கத்தில் 4.75 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கருவி அதைச் சார்ஜராகவே மதிக்காமல் போகலாம். மெலிந்த, மலிவான யூஎஸ்பி கேபிள் ஒன்றே இதற்குப் போதுமான காரணம். வேறு கேபிளை மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

அளவு நிலையில்லாமல் ஆடினால், அல்லது ஆக்சிலரேட்டரை முறுக்க முறுக்க ஏறினால்: ஹெட்லைட் வயரிலிருந்து யாரோ இணைப்பு எடுத்திருக்கிறார்கள். சிறிய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குப் போவது பேட்டரியின் நேர்மின்சாரம் அல்ல, என்ஜினின் சுருளிலிருந்து நேரே வரும் மாறுமின்சாரம். என்ஜின் நின்றால் ஹெட்லைட்டும் அணைந்து, மெதுவாக ஓடும்போது மங்கி, வேகமெடுத்தால் பிரகாசிக்கிறது என்றால் உங்கள் வண்டி அந்த ரகம். கருவியை உடனே கழற்றிவிட்டு, இணைப்பைப் பேட்டரி வழிக்கு மாற்றுங்கள். பழைய 6 வோல்ட் வண்டி என்றால் காரின் சார்ஜர் அதில் வேலை செய்யாது. அதற்கேற்ற மாற்றி தனியாக வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஐந்து வோல்ட் வரவில்லையென்றால் 12 வோல்ட்டை ஐந்தாக்கும் மாற்றி போய்விட்டது. அதைப் பிரித்துப் பார்ப்பதில் பயனில்லை, புதிதாக வாங்கிவிடுங்கள். வண்டியின் ஃபியூஸ் மாற்ற மாற்ற எரிகிறது என்றால் மட்டும் பெரிய ஃபியூஸைப் போட்டுச் சமாளிக்காமல் வண்டியை ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். ஏதோ ஒரு வயர் சட்டகத்தில் உரசித் தோல் உரிந்திருக்கிறது, அதைத் தேட டேங்கைக் கழற்ற வேண்டியிருக்கும்.

அறிகுறி: ஓடும்போது அணைகிறது, அல்லது மின்சாரம் போய்விட்டதாக அறிவிக்கிறது

இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுதான் வழக்கமான தவறு. கருவிக்குள் லித்தியம் பேட்டரி ஒன்று இருக்கிறது. வெளி மின்சாரம் போனால், "இன்னும் இத்தனை நொடிகளில் அணையும்" என்று கருவி எண்ணத் தொடங்கும், அவ்வளவுதான். எந்த அறிவிப்பும் இல்லாமல் திரை பட்டென்று கறுத்தால் அது வேறு கதை.

அறிவிப்பு வந்துவிட்டு அணைகிறது என்றால், எப்போது வருகிறது என்று பாருங்கள்.

பள்ளம் மேட்டில் மட்டும் வந்தால்: சிகரெட் லைட்டர் பிளக் சாக்கெட்டில் துள்ளுகிறது. இந்தச் சாக்கெட் பிடிப்புக்காகச் செய்யப்பட்டதே அல்ல. சுருட்டுப் பற்றவைக்கும் கம்பி சூடானதும் வெளியே துள்ள வேண்டும் என்பதற்காகச் செய்யப்பட்டது. பிளக்கின் பக்கவாட்டு உலோகச் செவிகளை லேசாக வெளியே வளைத்து விடுவது ஒரு வாரத்துக்குத் தாங்கும். நிலையான தீர்வு, சாக்கெட்டையே ஒழித்துவிட்டு, நீர் புகாத ஐந்து வோல்ட் மாற்றியை நேரடியாக வயரில் இணைத்துவிடுவது.

ஹேண்டில்பாரைத் திருப்பும்போது மட்டும் வந்தால்: கேபிள் நீளம் போதவில்லை. வண்டியை நிறுத்தி, ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். ஸ்டியரிங் கழுத்தருகே கேபிள் இழுபடும், அல்லது சட்டகத்துக்கும், ஹேண்டில்பார் அதற்கு மேல் திரும்பாமல் தடுக்கும் முட்டுக்கும் நடுவில் நசுங்கும். கழுத்தருகே ஒரு தளர்ந்த வளைவு விட்டு மறுபடி கட்டுங்கள்.

செல்ஃப் ஸ்டார்ட் அழுத்தும்போது மட்டும் வந்தால்: பழுது எதுவும் இல்லை. ஸ்டார்டர் மோட்டார் இழுக்கும் அந்த ஒரு நொடியில் பேட்டரி 10 வோல்ட் வரை விழுவது இயல்பு. சில வண்டிகளில் மற்ற வழிகளை அந்நேரத்துக்கு வேண்டுமென்றே துண்டிக்கவும் செய்வார்கள். அறிவிப்பில் "அணைக்காதே" என்பதைத் தொட்டுவிட்டுக் கிளம்புங்கள். அளவு 9 வோல்ட்டுக்கும் கீழே போகிறது என்றால் உங்களுக்கு வேண்டியது புதிய பேட்டரி.

வேகமெடுக்கும்போது மட்டும் வந்தால்: இதை அலட்சியம் செய்யாதீர்கள். என்ஜினை ஓடவிட்டு, ஆக்சிலரேட்டரை மெதுவாக உயர்த்திப் பேட்டரி முனைகளில் அளவெடுங்கள். 13.5 முதல் 14.5 வோல்ட் வரை ஆரோக்கியமான அளவு. 15 வோல்ட்டைத் தாண்டி ஏறினால், பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையர் பழுது. மாற்றி தன்னைக் காத்துக்கொள்ள அணைகிறது, அடுத்து போகப்போவது பேட்டரியும் ஹெட்லைட் பல்பும். கருவியைக் கழற்றிவிட்டு வண்டியை மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். அளவு சரியாக இருந்தால், குறிப்பிட்ட வேகத்தில் ஹேண்டில்பார் உதறுவதுதான் காரணம்; கீழே தாங்கியைப் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

அறிவிப்பே இல்லாமல் அணைகிறது என்றால், வெளி வயரைத் தேடி அலையாதீர்கள். உள் பேட்டரி செத்துவிட்டது. கருவி வெளி மின்சாரத்தை மட்டும் நம்பி ஓடுகிறது, அதில் ஒரு கண நேரத் தடங்கல் வந்தாலும் படுத்துவிடுகிறது. கேபிளைப் பிடுங்கிவிட்டு எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று பாருங்கள். சில நிமிடங்களே தாங்கினால் உறுதி. பேட்டரியை மாற்றும்போது கருவியின் உடல் பிரிகிறது, நாடாக் கேபிள்கள் மெல்லியவை. பழக்கமில்லாதவர்கள் கைப்பேசி பழுது பார்ப்பவரிடம் கொடுப்பது நல்லது.

பேட்டரி நன்றாக இருந்தும் கருவி தானாக மறு தொடக்கம் ஆகிறது, அல்லது வரைபடம் காணவில்லை என்கிறது என்றால், மெமரி கார்டைச் சந்தேகியுங்கள். கார்டு அதன் பொந்தில் அரை மில்லிமீட்டர் ஆடினாலே போதும், ஓடிக்கொண்டிருக்கும் வரைபடம் மறைந்துவிடும். கார்டின் தங்க முனைகளை அழிரப்பரால் மெதுவாகத் துடைத்து, கார்டுக்கும் மூடிக்கும் நடுவில் மடித்த காகிதத் துண்டு ஒன்றை வைத்து மூடுங்கள். இந்தத் தீர்வைக் கண்டு சிரித்த நண்பரின் கருவியில் அதே காகிதம் இன்றும் இருக்கிறது.

கேபிளைத் தொட்டாலே சார்ஜ் விட்டு விட்டு வருகிறது என்றால், கருவியின் மினி யூஎஸ்பி துளை தளர்ந்திருக்கிறது. கேபிளின் எடை முழுவதையும் அந்தத் துளையின் நான்கைந்து சாலிடர் புள்ளிகள் தாங்குகின்றன. அதிர்வில் அவை விரிசல் விடும். கேபிளைத் துளைக்கு அருகிலேயே தாங்கியோடு சேர்த்துக் கட்டினால் விரிசல் வராமல் தடுக்கலாம். வந்த பிறகு சாலிடரிங் தெரிந்தவரிடம் போவது தவிர வழியில்லை.

அறிகுறி: வரைபடத்துக்குப் பதிலாகக் கணினியின் படம் தெரிகிறது

சார்ஜ் ஏறுகிறது, ஆனால் திரையில் கணினியோடு இணைந்திருப்பதான படம் வந்து நின்றுவிடுகிறது. கருவி கெட்டுவிட்டது என்று இதைத் தூக்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும்; பழுது எதுவுமே இல்லை. பழைய கார்மின் நூவி போன்ற கருவிகள், மினி யூஎஸ்பியின் ஐந்து முனைகளில் அடையாளத்துக்கென்று இருக்கும் ஒன்றைப் பார்த்துத்தான் தம்மைக் கணினியில் செருகியிருக்கிறார்களா, வாகனத்தில் செருகியிருக்கிறார்களா என்று தீர்மானிக்கின்றன. கருவியோடு வந்த கார் கேபிளில் அந்த முனை உள்ளேயே எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்கும். பொதுவான டேட்டா கேபிளில் அப்படி இருக்காது. உங்கள் மாடலுக்கான வாகன மின்கேபிள் ஒன்றை வாங்குவதே முறையான தீர்வு. பழைய கார் கேபிளின் பிளக் பக்கத்தை வெட்டி மாற்றியோடு இணைப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: 12 வோல்ட்டை ஐந்தாக்கும் பலகை அந்தப் பிளக்குக்குள்தான் இருந்தது. வெட்டிய கேபிளை நேரே பேட்டரியில் இணைத்தால் கருவி அந்த நொடியே எரிந்துவிடும்.

அறிகுறி: காலையில் வண்டி ஸ்டார்ட் ஆவதில்லை

ஜிபிஎஸ் மாட்டிய பிறகுதான் இது தொடங்கியது என்றால், இணைப்பு சாவியின் வழியாக வராமல் நேரே பேட்டரியிலிருந்து வருகிறது. கருவியைக் கழற்றி வீட்டுக்குள் எடுத்துப் போனாலும் மாற்றி விழித்துக்கொண்டேதான் இருக்கும். சிறு நீல விளக்கு எரியும் மாற்றி 20 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். ஒரு நாளைக்கு 0.48 ஆம்பியர் மணி. காரின் பேட்டரிக்கு இது கொசுக்கடி. 5 ஆம்பியர் மணிப் பேட்டரிக்கோ ஐந்தே நாளில் பாதி காலி.

சோதிக்க, பேட்டரியின் எதிர்முனை வயரைக் கழற்றி, மல்டிமீட்டரை மில்லி ஆம்பியர் நிலையில் அந்த இடைவெளியில் இணையுங்கள். அளக்கும்போது மறந்தும் சாவியைத் திருப்பாதீர்கள், மீட்டருக்குள் இருக்கும் ஃபியூஸ் போய்விடும். மாற்றியைத் துண்டித்ததும் எண் சரிந்தால் குற்றவாளி அதுவே. பின் விளக்கின் வயரால் இயங்கும் ஒரு ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) போட்டு, பேட்டரியிலிருந்து வரும் வழியை அதன் மூலம் கொடுங்கள். பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகிலேயே 3 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருக்கட்டும். மாற்றியைத் துண்டித்த பிறகும் எண் குறையவில்லையென்றால் கசிவு வண்டியின் சொந்த வயரிங்கில் இருக்கிறது, அது எலக்ட்ரீஷியனின் வேலை.

அறிகுறி: செயற்கைக்கோள் கிடைப்பதில்லை, அல்லது இடம் தாவுகிறது

மோட்டார் சைக்கிளுக்குக் கூரை இல்லை; ஆகவே காரைவிட இங்கே ஜிபிஎஸ் நன்றாக எடுக்க வேண்டும். எடுக்கவில்லையென்றால் வானத்தைக் குறை சொல்ல முடியாது.

பல மாதங்கள் அலமாரியில் கிடந்த கருவியா? திறந்த வெளியில் அசையாமல் கால் மணி நேரம் விட்டுவையுங்கள். ஒரு செயற்கைக்கோள் தன் சொந்தப் பாதையின் விவரத்தை 30 நொடிக்கொரு முறை அனுப்புகிறது. எல்லாச் செயற்கைக்கோள்களின் பட்டியலையும் முழுதாகப் பெற 12.5 நிமிடம் ஆகும். அவசரப்பட்டு ஓட்டத் தொடங்கினால், மரமும் கட்டடமும் மறைக்க மறைக்க அந்தக் கணக்கு மறுபடி மறுபடி அறுந்துபோகும்.

கால் மணி நேரத்துக்குப் பிறகும் கிடைக்காமல், கருவி காட்டும் தேதி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பின்னால் இருக்கிறதா? ஜிபிஎஸ் அமைப்பு வாரங்களை 1024 வரை மட்டுமே எண்ணி, பிறகு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. கடைசியாக அப்படித் திரும்பியது 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில். மென்பொருள் புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் இதில் வழி தவறிவிட்டன. கணினியில் இணைத்து, தயாரிப்பாளர் வெளியிட்ட கடைசி மென்பொருளை ஏற்றிப் பாருங்கள். அப்படி ஒன்று உங்கள் மாடலுக்கு வெளிவரவில்லையென்றால் அந்தக் கருவிக்கு ஓய்வு கொடுத்துவிடுங்கள்.

உள் பேட்டரியில் நன்றாக எடுத்து, வண்டியில் செருகியதும் விழுகிறதா? இது மின் இரைச்சல். ஜிபிஎஸ் சமிக்ஞை 20,000 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வருவதால் மிக மெலிந்தது. கவசமில்லாத மலிவான மாற்றியோ, மலிவான எல்ஈடி விளக்கோ கருவிக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தால் அதை மூழ்கடித்துவிடும். செயற்கைக்கோள் பக்கத்தைத் திறந்து, சமிக்ஞைப் பட்டைகளைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாக அணையுங்கள்: முதலில் மாற்றி, பிறகு கூடுதல் விளக்குகள், கடைசியாக என்ஜின். எதை அணைத்தால் பட்டைகள் எழுகின்றனவோ அதை ஹெட்லைட்டின் கீழோ இருக்கையின் கீழோ தள்ளிவையுங்கள். என்ஜினை அணைத்தால்தான் சரியாகிறது என்றால், ஸ்பார்க் பிளக், இரைச்சலைக் குறைக்கும் மின்தடை உள்ளே வைத்த ரெசிஸ்டர் வகைதானா என்று பாருங்கள். வேறு வகையைப் போட்டிருந்தால் வண்டிக்குரியதை மாற்றுங்கள்.

சிக்னலில் நிற்கும்போது அம்புக்குறி சுற்றுகிறது என்பது பழுது அல்ல. பெரும்பாலான கார் கருவிகளில் திசைகாட்டி கிடையாது. நகர்ந்தால்தான் அவற்றுக்குத் திசை தெரியும்.

அறிகுறி: திரை தெரிவதில்லை, அல்லது தொட்டால் கேட்பதில்லை

வெயிலில் மங்குகிறது என்றால் பிரகாசத்தை முழுதாக ஏற்றி, இரவு நிறத்துக்குத் தானாக மாறுவதை நிறுத்துங்கள்; பிறகு கருவியின் சாய்வை மாற்றி, வானத்தின் பிரதிபலிப்பு உங்கள் நெஞ்சுக்குப் போகும்படி வையுங்கள். காரின் கூரை நிழலுக்கென்று செய்த திரை இதற்கு மேல் தராது. ஒரு சிறு நிழல் மறைப்பு உதவும்.

முழுக் கறுப்பாகத் தெரிந்தால் கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள். போலரைஸ்டு குளிர்கண்ணாடியோ ஹெல்மெட் முகக்கண்ணாடியோ, குறிப்பிட்ட கோணத்தில் எல்சிடி திரையை முழுதாக மறைத்துவிடும். தலையைச் சாய்த்தால் படம் திரும்பினால் காரணம் அதுவே.

கையுறையோடு தொட்டால் கேட்கவில்லையென்றால், பேனா மூடியால் அழுத்திப் பாருங்கள். அதற்குக் கேட்டால் அழுத்தத்தை உணரும் பழைய வகைத் திரை. கையுறையோடு இன்னும் சற்று அழுத்தினால் போதும். கேட்கவில்லையென்றால் விரலின் மின்னூட்டத்தை உணரும் வகை. விரல் நுனியில் கடத்தும் நூல் தைத்த கையுறை வேண்டும். இந்த இரண்டாம் வகைத் திரைகளை மழைத்துளிகள் தாமே தொட்டு, நடுவழியில் போகுமிடத்தை மாற்றிவிடுவதும் உண்டு. அப்போது திரையைப் பூட்டிவிட்டு ஒலியை மட்டும் கேளுங்கள். முதல் வகையில் ஓரிடத்தைத் தொட்டால் வேறிடம் வேலை செய்கிறது என்றால், அமைப்புகளில் இருக்கும் திரைச் சீரமைப்பை ஓட்டுங்கள்.

அறிகுறி: மழைக்குப் பிறகு திரைக்குள் பனி படிகிறது, அல்லது கருவி எழுவதில்லை

எழுகிறதா என்று பார்க்கவே பார்க்காதீர்கள். கருவிகளைக் கொல்வது தண்ணீரைவிட, ஈரத்தோடு அழுத்தும் அந்தப் பவர் பொத்தான்தான். கேபிளை உருவி, கார்டை எடுத்து, துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்து, மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரண்டு நாள் விடுங்கள். என்ஜினின் சூட்டிலும் வெயிலிலும் வைக்க வேண்டாம், உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி. அதன் பிறகும் எழவில்லையென்றால் பழுது பார்ப்பவரிடம் கொடுக்கும்போது மழையில் நனைந்தது என்பதைச் சொல்லிக் கொடுங்கள். பலகையை ஆல்கஹாலில் கழுவித் துடைக்க வேண்டியிருக்கும், தாமதிக்கத் தாமதிக்க அரிப்பு பரவும்.

மோட்டார் சைக்கிள் கருவிகள் பலவற்றுக்கு ஐபிஎக்ஸ்7 தகுதி இருக்கும். அதாவது ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கும். காரின் கருவிக்கு அத்தகைய பாதுகாப்பு எதுவும் கிடையாது. வெளிப்படையான முன்பக்கம் கொண்ட நீர்புகாப் பை நல்லது, ஆனால் அது அடுத்த அறிகுறியைக் கூட்டி வரும்.

அறிகுறி: நண்பகலில் சார்ஜ் ஏறுவதை நிறுத்திவிடுகிறது

கறுப்புப் பைக்குள், வெயிலில், சார்ஜ் ஆகும் கருவி மூன்று பக்கமும் வேகிறது. லித்தியம் பேட்டரியை 45 டிகிரி செல்சியஸுக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது என்பதால் கருவி தானாகவே நிறுத்திக்கொள்கிறது. மழை இல்லாத நாளில் பையைக் கழற்றிவிடுங்கள். காற்று பட்டதும் பெரும்பாலும் சரியாகிவிடும். கருவியின் ஓரத்தில் பிளவு தெரிகிறது, திரை சற்று எழும்பியிருக்கிறது என்றால் பேட்டரி ஊதிவிட்டது. அதை அழுத்தாமல், குத்தாமல், சார்ஜில் போடாமல் அன்றே பழுது பார்ப்பவரிடம் சேர்த்துவிடுங்கள்.

அறிகுறி: தாங்கி சுழல்கிறது, ஆடுகிறது, கழன்று விழுகிறது

உறிஞ்சிப் பிடிக்கும் கிண்ணத்தை எங்கே ஒட்டினாலும் மோட்டார் சைக்கிளில் அது விழும். அதில் ஆராய ஒன்றுமில்லை. ஹேண்டில்பாரைப் பற்றும் கவ்வியையே பயன்படுத்துங்கள்.

கவ்வி சுழன்றால் அளவைப் பாருங்கள். ஹேண்டில்பார்கள் 22 மில்லிமீட்டரிலும் 25.4 மில்லிமீட்டரிலும், நடுவில் தடித்தவை 28.6 மில்லிமீட்டரிலும் வருகின்றன. சற்றே பெரிய கவ்விக்குள் பழைய டியூபின் ரப்பர் பட்டை ஒரு சுற்று வைத்தால் பிடிப்பும் கிடைக்கும், அதிர்வும் குறையும்.

திருகுகள் தாமாகக் கழன்றால், கழற்றக்கூடிய நீல நிறத் திருகுப் பசையைத் துளி வையுங்கள். அது பிளாஸ்டிக் பாகங்களில் படக் கூடாது. சில வகைப் பிளாஸ்டிக்குகளை அது விரிசல் விடச் செய்துவிடும். பிளாஸ்டிக் இருக்கும் இடத்தில் நைலான் வளையம் பொதிந்த நட்டே பாதுகாப்பு.

கவ்வி உறுதியாக இருந்தும் கருவி மட்டும் தொட்டிலிலிருந்து (தாங்கியில் கருவி உட்காரும் பகுதி) கழன்றால், கருவியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் நாக்கு தேய்ந்திருக்கிறது. தொட்டிலை மாற்றும் வரை அகல ரப்பர் பட்டை ஒன்றைக் குறுக்கே போடுங்கள். எப்படியிருந்தாலும் கருவியை ஹேண்டில்பாரோடு ஒரு குட்டைக் கயிற்றால் கட்டிவையுங்கள். கயிறு முன்சக்கரத்தைத் தொடும் நீளத்துக்கு இருக்கக் கூடாது. ஒரு முறை வேகத்தடை மேல் என் கருவி குதித்து வெளியே வந்து, கயிற்றில் தொங்கியபடியே "அடுத்த திருப்பத்தில் இடப்பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அறிகுறி: குரல் கேட்பதில்லை, அல்லது காதுக்குள் இரைகிறது

கருவியின் ஒலிபெருக்கியை ஹெல்மெட்டுக்குள் கேட்க முடியாது. புளூடூத் இருக்கிறதே என்று ஹெல்மெட்டின் ஒலிப்பானோடு இணைக்க முயன்று தோற்பவர்கள் பலர்: காரின் கருவிகள் பெரும்பாலானவற்றில் இருக்கும் புளூடூத், கைப்பேசி அழைப்பைக் கருவியின் ஒலிபெருக்கிக்குக் கொண்டுவருவதற்காக மட்டுமே. காதொலிப்பான் துளை இருந்தால், அதில் செருகக்கூடிய சிறு புளூடூத் அனுப்பியை வைத்துச் சமாளிக்கலாம்.

அப்படி மாட்டியதும் என்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் சீழ்க்கை கேட்டால், கருவியும் அனுப்பியும் வண்டியின் எர்த்தை இரு வேறு வழிகளில் பகிர்கின்றன. அனுப்பியை அதன் சொந்த பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சீழ்க்கை நின்றால், ஒலி வயரின் நடுவில் எர்த்தைப் பிரிக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் போட்டுவிடுங்கள். நிற்கவில்லையென்றால் மாற்றியின் இரைச்சலே காரணம். மேலே செயற்கைக்கோள் பகுதியில் சொன்னபடி அதைத் தள்ளிவைக்க வேண்டும், அல்லது தரமான ஒன்றாக மாற்ற வேண்டும்.

அறிகுறி: வழி காட்டுகிறது, ஆனால் தவறான வழி

கருவிக்குத் தான் காரில் இல்லை என்பது தெரியாது. இருசக்கர வண்டிகள் அனுமதிக்கப்படாத விரைவுச் சாலைக்குள் அழைத்துப் போனால், தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியலில் விரைவுச் சாலையைக் குறியுங்கள். பெயர்ப் பலகையில் தடை எழுதியிருந்தால் கருவியை அல்ல, பலகையை நம்புங்கள். "மிகக் குறுகிய வழி" என்ற தேர்வை அணைத்து "மிக விரைவான வழி" என்று வையுங்கள். முதலாவது, தார் இல்லாத வண்டித்தடங்களில் கொண்டுபோய் விடும். இரண்டையும் செய்த பிறகும் இல்லாத சாலையைக் காட்டினால் வரைபடம் பழையது. புதுப்பிக்கும் முன் கார்டில் இடம் இருக்கிறதா என்று பார்த்து, உள் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்துவிட்டுத் தொடங்குங்கள். பாதியில் மின்சாரம் போனால் கருவி எழாமலே போகலாம்; அந்த நிலையில் தயாரிப்பாளரின் சேவை மையத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும்.